காக்காவும் தாத்தாவும்: ஒரு குழந்தையின் 'க' ஒலி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது தென் தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த ஒரு பெண் குழந்தையின் பேச்சைப் பற்றிய பதிவு. பெற்றோரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் பணியில் இருப்பவள் நான். என்னிடம் அழைத்து வரப்பட்டபோது குழந்தைக்கு வயது இரண்டு ஆண்டு பத்து மாதம்.

வீட்டில் அம்மா, அப்பா, ஏழு வயது அண்ணன், ஓய்வு பெற்ற தமிழாசிரியரான தாத்தா, ஆச்சி ஆகியோர் இருந்தார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் சித்தப்பா விடுமுறைக்கு வந்து போவார். முதல் பிறந்தநாளை ஒட்டி 'அம்மா' என்று சொல்லத் தொடங்கிய குழந்தை, இரண்டு வயது நிறைவதற்குள் 'அப்பா டாட்டா', 'பாப்பா மம்மு' என இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசினாள். பேச்சுத் தாமதம் என்று சொல்ல எதுவும் இல்லை. 'க' என்ற ஒலி மட்டும் அவள் வாயில் 'த' ஆகியது. கண்ணாடி 'தண்ணாடி' ஆயிற்று, குடை 'துடை' ஆயிற்று, கிளி 'திலி' ஆயிற்று, காக்கா 'தாத்தா' ஆயிற்று.

அந்த வீட்டில் ஆச்சி நாள்தோறும் யாரும் சாப்பிடுவதற்கு முன் மொட்டைமாடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிடுவார். தட்டை ஏந்திக்கொண்டு கூடவே போகும் குழந்தையும் 'தாத்தா, தாத்தா வா, மம்மு' என்று உரக்கக் கூப்பிடுவாள். கீழே திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தாவுக்கு அது கேட்கும். வீட்டார் சிரித்ததில் வியப்பில்லை. அந்தச் சிரிப்பில் அன்பைத் தவிர வேறெதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சித்தப்பா அதைக் கைபேசியில் படம் எடுத்து உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் காக்கையைக் காட்டி 'இது என்ன, சொல்லு' என்று கேட்கத் தொடங்கினார்கள்.

குழந்தைக்கு இரண்டு ஆண்டு எட்டு மாதமானபோது உறவினர் வீட்டுக் காதுகுத்து விசேஷம் ஒன்றில், கூடத்தில் முப்பது பேருக்கு மேல் கூடியிருக்க, யாரோ அவளைத் தூக்கி நாற்காலியில் நிறுத்திக் காக்கைப் படத்தைக் காட்டிக் கேட்டார்கள். அவள் சொன்னாள், கூடம் முழுவதும் சிரித்தது. மறுபடி கேட்டார்கள், மறுபடியும் சிரித்தார்கள். நான்காவது முறை கேட்டபோது அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து காக்கையைக் கூப்பிடவில்லை. அடுத்த சில வாரங்களில் கண்ணாடி, குடை, கதை ஆகிய சொற்களும் அவள் பேச்சிலிருந்து மறைந்தன. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டினாள். வெளியார் வந்தால் எதுவுமே பேசுவதில்லை. ஆச்சியோடு மாடிக்கு மட்டும் போய்த் தட்டோடு பேசாமல் நின்றாள். அம்மாவைக் கவலைப்பட வைத்தது உச்சரிப்பு அல்ல, இந்த மௌனம்.

முதல் சந்திப்பில் கண்டவை

பேசிக்கொண்டிருந்த குழந்தை சொற்களை இழந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செவித்திறன் குறைந்திருக்கலாம்; ஆட்டிசம் சார்ந்த பின்னடைவாக இருக்கலாம்; அரிதாக வலிப்பு நோயின் விளைவாகவும் இருக்கலாம். எனவே காதுகுத்து வீட்டுக் கதையைக் கேட்டதுமே அதுதான் காரணம் என்று முடிவு கட்டாமல், இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. குழந்தை என் கண்ணைப் பார்த்தாள், சுட்டிக் காட்டினாள், மரச் செப்பில் சோறு பொங்கி எனக்கு ஊட்டுவதுபோல் பாவனை செய்தாள், அழைத்தால் திரும்பினாள். அம்மாவோடு தனியாக விட்டுவிட்டு அடுத்த அறையிலிருந்து கேட்டபோது நான்கு சொல் வாக்கியங்களைப் பேசினாள். இழந்ததாகச் சொல்லப்பட்ட சொற்களில் சில அங்கே மெல்லிய குரலில் வந்தன. பேச்சு அவளை விட்டுப் போகவில்லை, ஆட்களைப் பார்த்து ஒளிந்துகொண்டது என்பது அப்போது ஓரளவு தெளிவாயிற்று.

அவளுக்கு அடிக்கடி சளி பிடிப்பதுண்டு என்பதால் நடுச்செவியில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியமாயிற்று. அருகிலிருந்த நகரின் மருத்துவமனை ஒன்றில் செவித்திறன் சோதனையும் நடுச்செவி அழுத்தச் சோதனையும் செய்யப்பட்டன. இரண்டிலும் குறை இல்லை. மேலண்ணத்தில் பிளவோ உள்நாக்கில் மாறுபாடோ இல்லை. இந்தச் சோதனைகளுக்குச் செலவு செய்ய இயலாத குடும்பங்கள், 2013இல் தொடங்கப்பட்ட, அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம்) என்று குறிப்பிடும், ஒன்றிய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்தை நாடலாம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆச்சிக்கு வேறு ஐயம் இருந்தது. 'அடிநாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டா சரியாப் போகும்' என்பது அவர் எண்ணம். அதுவரை வசம்பை இழைத்து நாக்கில் தடவவும் விரும்பினார். நாக்கின் அடியிலுள்ள தசைநார் நுனிநாக்கின் அசைவைத்தான் கட்டுப்படுத்தும். 'க' பிறப்பது நாக்கின் பின்பகுதியில். மேலும் நுனிநாக்கை உயர்த்திச் சொல்ல வேண்டிய 'ட', 'ல' ஒலிகளை இவள் தெளிவாகச் சொன்னாள், உதட்டைத் தாண்டி நாக்கை நீட்டவும் செய்தாள். ஆகவே வெட்ட வேண்டிய எதுவும் அங்கே இல்லை என்று விளக்கினேன். வசம்பு குழந்தைகளுக்கு வாந்தியை உண்டாக்கக்கூடும் என்பதால் அதையும் தவிர்க்கச் சொன்னேன். ஆச்சி முழுமனதோடு ஏற்கவில்லை என்றாலும் செய்யவில்லை.

அவள் பேச்சை எழுதிப் பார்த்தபோது அதில் தாறுமாறு எதுவும் இல்லை என்பது தெரிந்தது. சொல்லின் முதலில் வரும் 'க', நடுவில் இரட்டித்து வரும் 'க்க' இரண்டும் விலக்கின்றி 'த' ஆயின. மூக்கு 'மூத்து', பக்கம் 'பத்தம்'. 'ச' பெரும்பாலும் 'த' ஆயிற்று. 'ர'வும் 'ழ'வும் 'ய' ஆயின. மரம் 'மயம்', பழம் 'பயம்'. நீண்ட சொற்களின் முன்பகுதி உதிர்ந்தது. எறும்பு 'உம்பு', சப்பாத்தி 'பாத்தி'. உயிரெழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தன. பெரியவர் பேச்சின் ஒவ்வோர் ஒலியும் ஒரு விதிப்படி மாறி வந்ததே தவிர, எதுவும் மனம்போனபடி வரவில்லை. குழந்தை தவறாகச் சொல்கிறது என்பதைவிட, தன்னிடம் உள்ள ஒலிகளைக் கொண்டு ஒழுங்காகச் சொல்கிறது என்பதே பொருத்தமான விவரிப்பு.

காக்காவுக்கும் தாத்தாவுக்கும் உள்ள வேறுபாடு அவளுக்குத் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. தாத்தாவின் புகைப்படத்தையும் காக்கைப் படத்தையும் அருகருகே வைத்து மாறி மாறிக் கேட்டபோது ஒருமுறைகூடத் தவறாமல் தொட்டுக் காட்டினாள். விசேஷத்துக்கு முன்பு நடந்த ஒன்றையும் அம்மா நினைவுகூர்ந்தார். அண்ணன் வேடிக்கையாக 'தாத்தா பறக்குது' என்று சொன்னபோது அவள் கோபத்தோடு, 'தாத்தா இல்ல, தாத்தா' என்று திருத்தியிருக்கிறாள். வீட்டார் அதற்கும் சிரித்திருக்கிறார்கள். ஆனால் என் துறையில் இது நன்கு அறியப்பட்ட நிகழ்வு. ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் 1960இல் பதிவு செய்த ஆங்கிலக் குழந்தை ஒன்று, தன் பொம்மை மீனை 'ஃபிஷ்' என்று சொல்ல வராமல் 'ஃபிஸ்' என்றது. பெரியவரும் 'ஃபிஸ்' என்று சொன்னபோது அதை மறுத்தது. 'ஃபிஷ்' என்று சொன்ன பிறகே, 'ஆம், என் ஃபிஸ்' என்று ஏற்றுக்கொண்டது. காது அறிந்ததை வாய் இன்னும் எட்டவில்லை. அப்படிப்பட்ட குழந்தையிடம் அதன் சொல்லையே திருப்பிச் சொன்னால், நாம் ஏதோ பிழையாகச் சொல்கிறோம் என்றுதான் அதற்குப் படுகிறது.

எடுத்த முடிவும் அதில் என் தவறும்

'க'வை 'த'வாகச் சொல்வது பல மொழிக் குழந்தைகளிடமும் காணப்படுவது. பெரும்பாலும் மூன்றரை வயதை ஒட்டித் தானாக மறைவது. 2018இல் ஷாரின் மெக்லியாடும் கேத்ரின் குரோவும் 27 மொழிகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான மெய்யொலிகள் ஐந்து வயதுக்குள் அமைந்துவிடுவதைக் கண்டார்கள். வெளியார் ஒருவருக்கு இரண்டு வயதுக் குழந்தையின் பேச்சில் பாதியும், மூன்று வயதில் முக்கால் பங்கும், நான்கு வயதில் ஏறக்குறைய முழுவதும் புரிய வேண்டும் என்பது நாங்கள் கைக்கொள்ளும் தோராயமான அளவு. இந்தக் குழந்தை, பேசும்போது, அந்த அளவுக்குள்தான் இருந்தாள். எனவே 'க'வுக்கென்று நேரடிப் பயிற்சி வேண்டாம் என்று முடிவு செய்தேன். இந்த முடிவு இன்றும் சரியென்றே படுகிறது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வெறுங்கையோடு அனுப்பினால் பெற்றோருக்கு ஏமாற்றமாக இருக்குமே என்று நினைத்து, 'க'வில் தொடங்கும் பன்னிரண்டு சொற்களின் பட அட்டைகளைக் கொடுத்து, விளையாட்டாகக் காட்டுங்கள், பெயரை நீங்களே சொல்லுங்கள், அவளைக் கேட்காதீர்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். ஆனால் பகல் முழுவதும் குழந்தையோடு இருப்பவர் தாத்தா. முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவர் கையில் படங்கள் கிடைத்தால் அது பாடமாகத்தான் மாறும். தினமும் மாலை விளக்கு வைத்ததும் அட்டைகளை விரித்து, 'கா… கா… எங்கே, நாக்கைப் பின்னால் இழு, சொல்லு' என்று மிகுந்த பொறுமையோடு நடத்தியிருக்கிறார். இரண்டு வாரத்தில் குழந்தை அட்டைகளை ஒவ்வொன்றாகப் பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதுவரை தாத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தவள் அவரிடமும் பேச்சைக் குறைத்தாள். இதற்குப் பொறுப்பு தாத்தா அல்ல. வீட்டில் குழந்தையோடு யார் அதிக நேரம் இருக்கிறார்கள் என்று கேட்காமல் அட்டையைக் கொடுத்தவள் நான்.

மாற்றிய திட்டம்

இரண்டாம் சந்திப்புக்கு எல்லோரையும் வரச் சொன்னேன், சித்தப்பாவும் வந்திருந்தார். அட்டைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அவற்றைக் கொடுத்தது என் பிழை என்று சொன்னேன். பிறகு நாக்கின் எந்தப் பகுதியில் எந்த ஒலி பிறக்கிறது என்று விளக்க முற்பட்டபோது, தாத்தா, 'ககார ஙகாரம் முதல்நா அண்ணம்' என்ற தொல்காப்பிய நூற்பாவைத் தாமே சொன்னார். முதல்நா என்பது தொண்டைப் பக்கமுள்ள நாக்கின் பின்பகுதி. 'த' பிறப்பதோ நாநுனி பல்லின் அடியில் பரந்து ஒற்றும்போது என்றும் அவரே தொடர்ந்தார். நுனிநாக்கின் வேலை குழந்தையின் கண்ணுக்குத் தெரியும். தொண்டைக்கருகே நடப்பது தெரியாது. அதனால்தான் கேட்டுக் கேட்டு வர வேண்டியிருக்கிறது, காட்டி வரவழைப்பது கடினம் என்று நான் சொன்னதை அவர் உடனே புரிந்துகொண்டார். அந்த வீட்டில் என் கருத்தை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்பவராக அன்றிலிருந்து அவரே ஆனார்.

கேட்டுக்கொண்டவை சில. எந்தச் சொல்லையும் 'சொல்லு' என்று கேட்க வேண்டாம். அவள் சொன்ன வடிவத்தை யாரும், அண்ணன் உட்பட, திருப்பிச் சொல்ல வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். குழுவில் இருப்பதை நீக்கிவிடலாம். சித்தப்பா அங்கேயே நீக்கினார், கண் கலங்கினார். அவள் எதைக் குறித்தாலும், சொல்லாலோ விரலாலோ, முதலில் அந்தப் பொருளுக்கு விடை கொடுக்க வேண்டும். அந்த விடைக்குள் சரியான சொல் இயல்பாக வந்தால் போதும். 'ஆமாம், காக்கா வந்திருக்கு. காக்காவுக்கு இன்னும் கொஞ்சம் வைப்போமா?' என்பதுபோல. அதை அவள் திரும்பச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்துக் காத்திருக்கவும் கூடாது. எல்லோருக்கும் கடினமாக இருந்தது இந்தக் கடைசிப் பகுதிதான்.

பயிற்சிக்கென்று தனி நேரம் எதுவும் ஒதுக்கவில்லை. ஆச்சி காக்கைக்குச் சோறு வைக்கும் வேளையே போதும் என்று தோன்றியது. ஒரே சொல் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில், உண்மையான தேவையோடு, பலமுறை ஒலிக்கிறது. கூப்பிட்டால் காக்கை வருகிறது. குழந்தை எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, தட்டைப் பிடித்தால் போதும். இதைவிட நல்ல பயிற்சியை என் அறையில் என்னால் உருவாக்க முடியாது என்று ஆச்சியிடம் சொன்னேன். நாக்கை வெட்டும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

தொடர்ந்து நடந்தவை

முதல் மூன்று வாரங்களில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. நான்காவது வாரத்தில் சுட்டிக் காட்டுவது குறைந்து, 'தண்ணாடி', 'ததை' ஆகியவை வீட்டுக்குள் திரும்பி வந்தன. பழைய பிழையோடு வந்த அந்தச் சொற்களை முன்னேற்றம் என்று குறித்துக்கொள்ளும்படி அம்மாவிடம் சொன்னேன். மௌனத்தைவிடப் பிழை எவ்வளவோ மேல்.

ஆறாவது வாரத்தில் மாடியிலிருந்து 'க்கா' என்ற ஒலி கேட்டது. ஆச்சிதான் முதலில் கேட்டவர். குழந்தை காக்கையின் பெயரைச் சொல்லவில்லை, காக்கையைப்போலக் கரைந்தாள். சொல்லாக வராத ஒலி, பறவையின் குரலாக வந்தது. இது எனக்கு வியப்பாக இல்லை. பிறந்த இரண்டு மூன்று மாதங்களில் மல்லாந்து கிடக்கும் குழந்தைகள் எழுப்பும் ஓசைகளில் தொண்டைக்கருகே பிறப்பவை நிறைய உண்டு. வாயால் முடியாததல்ல, சொல்லுக்குள் அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை என்பதே உண்மை. ஆச்சி அப்போது செய்ததை நான் பலருக்கும் சொல்லி வருகிறேன். கையைத் தட்டவில்லை, கீழே ஓடிப்போய் யாரையும் கூப்பிடவில்லை. தாமும் அதேபோல் கரைந்து பதில் கொடுத்திருக்கிறார். இருவரும் காக்கை வந்து சேரும்வரை மாறி மாறிக் கரைந்திருக்கிறார்கள்.

மூன்று வயது ஒரு மாதத்தில் 'மாங்கா', 'நுங்கு' ஆகியவை சரியாக வந்தன. ஙகரமும் முதல்நாவில் பிறப்பதால் அது அடுத்து வரும் ககரத்தையும் தன் இடத்துக்கே இழுத்துக்கொண்டது என்று கருதுகிறேன். 'மூக்கு', 'பக்கம்' போன்று சொல்லின் நடுவே இரட்டிக்கும் இடங்கள் அடுத்து வந்தன. சொல்லின் முதலில் வரும் 'க' மட்டும் பிடிவாதமாக 'த'வாகவே நின்றது. அதனால் சில வாரங்கள் காக்கா 'தாக்கா' ஆக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை என்று தாத்தா கைபேசியில் எனக்குத் தெரிவித்தார்.

தாத்தா காக்காவான மாதம்

மூன்று வயது நான்கு மாதமானபோது ஒரு நாள் அம்மா பதற்றத்தோடு அழைத்தார். சொல்முதல் 'க' திடீரென்று வந்துவிட்டது. வந்த வேகத்தில், இருக்க வேண்டிய 'த'வையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் 'கண்ணி', தட்டு 'கட்டு', தாத்தா 'காக்கா'. திண்ணையில் இருந்தவரைப் பார்த்துக் குழந்தை தெளிவாக, 'காக்கா, சாப்பிட வா' என்று அழைத்திருக்கிறாள்.

இம்முறை சிக்கல் சிரிப்பினால் வரவில்லை. நம் வழக்கில் சோறு வைத்துக் காக்கையை அழைப்பது முன்னோரை நினைத்து. உயிரோடு இருக்கும் மனிதரை அந்தப் பெயரால் அழைத்துச் சாப்பிடக் கூப்பிட்டதை ஆச்சியால் தாங்க முடியவில்லை. 'அப்படிச் சொல்லப்படாது மக்கா' என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டார். குழந்தை முகம் சுண்டிப் போயிற்று. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது, ஆனால் முறையாகாது. ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்தவரைப் பற்றிய அச்சம் அது. ஆச்சியிடம் நேரில் பேசப் போனேன்.

புதிதாகக் கிடைத்த ஒலியைக் குழந்தைகள் சில வாரங்கள் தேவையற்ற இடத்திலும் இட்டுப் பார்ப்பதுண்டு. முன்பு ஒன்றாக இருந்த இரண்டைத் தனித்தனியாகப் பிரிக்கும்போது எது எந்தப் பக்கம் என்று தடுமாறுவதே காரணம். இது பின்னடைவல்ல, கரை சேரப் போவதன் அடையாளம் என்று சொன்னேன். தாத்தா தம் பங்குக்கு, 'பேத்தி கூப்பிட்டா எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் நான் வருவேன்' என்று ஆச்சியிடம் சொன்னார். என் விளக்கத்தைவிட அதுவே பலித்திருக்க வேண்டும். அன்று மாலையே ஆச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, 'தாத்தாவா? வா, தாத்தாவைக் கூப்பிடுவோம்' என்று திண்ணைக்குப் போனார். ஐந்து வாரத்தில் தாத்தா மீண்டும் தாத்தா ஆனார், காக்கா காக்காவாகவே நின்றது.

நான்கு வயதில்

மூன்று வயது ஏழு மாதத்தில் எல்லா இடங்களிலும் 'க' நிலைபெற்றது. நான்கு வயது நிறைந்ததும் பார்த்தபோது, முன்பின் அறியாத என் உதவியாளருக்கு அவள் பேச்சு முழுவதும் புரிந்தது. 'ர' இன்னும் 'ய'வாகவும் 'ழ' சில சொற்களில் 'ல'வாகவும் இருந்தன; அந்த வயதுக்கு இது கவலைப்பட வேண்டியதல்ல என்பதால் எதுவும் செய்யவில்லை. ஒரு மாற்றத்தை மட்டும் நிறைவானதாகச் சொல்ல முடியவில்லை. கூட்டமாக உள்ள இடத்தில் யாராவது கைபேசியை உயர்த்தினால் அவள் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அது மறையலாம், மறையாமலும் போகலாம். வீட்டார் அவளைக் கேட்காமல் இப்போது படம் எடுப்பதில்லை.

அடுத்த முறை மாற்றிக்கொள்பவை

அட்டைகளை நான் முதல் சந்திப்பில் கொடுத்திருக்கக் கூடாது. ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதையும் ஓர் ஆலோசனையாகத் துணிந்து சொல்லியிருக்க வேண்டும். 'த'வை 'க'வாக்கும் கட்டம் வரக்கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தால் ஆச்சியின் ஓர் இரவு நிம்மதியாகக் கழிந்திருக்கும். குறிப்பாக, இந்த இரண்டு சொற்கள் இடம் மாறினால் அந்த வீட்டில் என்ன பொருள்படும் என்பதை, சோறு வைக்கும் வழக்கத்தை அறிந்திருந்த நான் ஊகித்திருக்க வேண்டும். குடும்பம் முழுவதையும் முதல் நாளே அழைத்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

சிரிப்பையே தடுக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. வீட்டுக்குள் அவளும் சேர்ந்து சிரித்த நாட்கள் பல இருந்தன. அவற்றால் ஒரு தீங்கும் வரவில்லை. தன் சொல் எதற்காகச் சிரிக்கப்படுகிறது என்று அறியாமல் மறுபடி மறுபடி சொல்ல வைக்கப்பட்டபோதுதான் அவள் வாய் மூடினாள். என் முதல் சந்திப்புப் படிவத்தில் இப்போது இரண்டு கேள்விகள் கூடியிருக்கின்றன. பகலில் குழந்தையோடு அதிக நேரம் இருப்பவர் யார் என்பது ஒன்று. குழந்தை சொல்லும் எந்தச் சொல்லை விருந்தினர் முன்னால் திரும்பச் சொல்லச் சொல்கிறீர்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு விடை எழுதாமல் படிவத்தைத் தந்த பெற்றோர் இதுவரை ஒருவரும் இல்லை.